குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் நார்ச்சத்தும்

மடுகரை வட்டார அங்கத்தினர் இல்லங்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், "வயிறு காயட்டும்" என்று ஆகாரத்தையும் நீரையும் நிறுத்துவோர் உண்டு. கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடியை மட்டும் கொடுத்துக் காத்திருப்போரும் உண்டு. இவ்விரண்டும் தவறாகும். காரணத்தை இப்பாடத்தில் ஆராய்வோம்.

குடலில் நிகழ்வது

பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் நார்ச்சத்தும், சிறுகுடலில் செரியாமல் வந்து சேரும் மாவுச்சத்தும் அவற்றிற்கு உணவாகும். அவற்றைப் புளிக்கச் செய்து நுண்ணுயிர்கள் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குடற்சுவருக்கு ஊட்டமளிப்பதுடன், உப்பையும் நீரையும் உடல் ஏற்கவும் துணை புரிகின்றன. வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது நீரிழப்பே; ஆதலால் இச்செயல் முக்கியமானது.

செரியாத மாவுச்சத்து யாது? பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளர் இதை அறிவர். சூட்டில் ஓடும் கஞ்சி ஆறினால் இறுகுகிறது. சோறு ஆறும்போதும் மாவுச்சத்தின் ஒரு பகுதி அவ்வாறே இறுகி, எளிதில் செரியாததாகிறது.

வேலூர் ஆராய்ச்சி

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். இராமகிருஷ்ணாவும் பிறரும் காலரா கண்ட 48 பேரிடம் செய்த ஆராய்ச்சி 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வழக்கமான உப்புச்சர்க்கரைக் கரைசலைப் பருகியோருக்குப் போக்கு நிற்கச் சராசரி 91 மணி நேரம் ஆயிற்று. அதில் லிட்டருக்கு 50 கிராம் செரியாத மாவுச்சத்தைச் சேர்த்துப் பருகியோருக்கு 57 மணி நேரமே ஆயிற்று. சிறு குழந்தைகளுக்கும் இம்முறை பயன்பட்டதாக 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2000-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் பயன்பட்டது ஒருவகை மக்காச்சோள மாவு. ஆகவே பழையசோற்றையே மருந்தெனக் கொள்ளலாகாது.

நுண்ணுயிர்ப் பொடியும் பானமும்

கல்கத்தாவில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் 3,700-க்கு மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில், நுண்ணுயிர்ப் பானம் தினமும் பருகியோரிடையே வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்தது. ஆயினும் நோய் கண்டபின் பொடி கொடுத்துப் பார்த்த அமெரிக்க, கானடா ஆராய்ச்சிகள் இரண்டு பயனில்லை என 2018-இல் தெரிவித்தன. நுண்ணுயிரின் வகைக்கேற்பப் பயனும் மாறுபடும். எப்பொடியும் உப்புச்சர்க்கரைக் கரைசலுக்கு ஈடாகாது.

செய்ய வேண்டியவை

1. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு, காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். 24 மணி நேரத்திற்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிடவும்.
2. தாய்ப்பாலையும் வழக்கமான ஆகாரத்தையும் நிறுத்தலாகாது.
3. மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்ற பின்னரும் 14 நாள் முடியும் வரை கொடுக்கவும்.
4. மலத்தில் இரத்தம், குழிந்த கண், சிறுநீர் குறைதல், மயக்கம், நீர் பருக இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனை செல்லவும்.

நோயற்ற நாட்களில் கீரை, வாழைத்தண்டு, கொய்யா, பயறு, கேழ்வரகு, வீட்டுத் தயிர் ஆகியவை குடலைச் செம்மையாக வைக்கும், மலச்சிக்கலையும் தவிர்க்கும். இரண்டு வயது கடந்த குழந்தைக்கு, அதன் வயதோடு 5 கூட்டினால் வரும் கிராம் அளவு நார்ச்சத்து தினமும் தேவை. நார் உணவைப் படிப்படியாகக் கூட்டி, நீரும் போதிய அளவு கொடுக்க வேண்டும். வயலுக்கு எருவிடும் உழவர், குடலில் வாழும் உயிர்களுக்கும் உணவு வேண்டும் என்பதை எளிதில் உணர்வர்.

வினாக்கள்

1. வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்து எதனால் நேர்கிறது?
2. ஆறிய கஞ்சி இறுகுவதற்கும் குடல் நலத்திற்கும் என்ன தொடர்பு?
3. நுண்ணுயிர்ப் பொடியை மட்டும் ஏன் நம்பலாகாது?