பாடம் 5: தகரக் கொட்டிலின் வெக்கையைக் குறைத்தல்

2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் பகலைக் கழித்தவர்களுக்கு வெக்கையைப் பற்றி நாங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. ஊருக்குத் திரும்பிய பின்னும், வீடு கட்டி முடியும்வரை தகரக் கூரையின் கீழ்தான் இருக்கவேண்டியுள்ளது. மதியத்தில் கைக்குழந்தையையோ வயோதிபரையோ அதற்குள் படுக்கவைக்க முடிவதில்லை. அதிக செலவில்லாமல் இதைத் திருத்தலாம்.

வெயிலில் காய்ந்த தகரம் இரண்டு விதமாகச் சுடும். அடுப்பருகே இருப்பதுபோல அனல் நேரே உடம்பில் அடிக்கும். உள்ளேயுள்ள காற்றும் சூடாகி, மேலெழுந்து முகட்டின் கீழ் தேங்கும். அனலுக்கு மறைப்பு வேண்டும். சூடான காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். பலர் மறைப்பைக் கட்டி, வழியை அடைத்துவிடுகிறார்கள். வன்னியின் பழைய மண்வீட்டை நினைத்துப் பாருங்கள். சுவர் முழுதும் கூரையைத் தொடாது. இடையில் விட்ட வெளியால் காற்று போய்வரும்.

ஆகவே முதலில் வழி. முகட்டின் இரு முனையிலும் உள்ள முக்கோண வாயை அடைக்க வேண்டாம். நுளம்பு வலையோ, ஐதாகக் கட்டிய ஓலைத் தட்டியோ போதும். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும் என்பது உண்மை. அந்தப் பக்கத்தில் தகரத்தை ஒரு முழம் வெளியே நீட்டிவிடுங்கள், அல்லது சாக்குப் படுதா கட்டி, மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள். மேலால் போகும் காற்றுக்குப் பதிலாகக் கீழிருந்து காற்று வரவேண்டும். சோளகம் வீசும் தென்மேற்குச் செத்தையில், பாயில் படுத்திருப்பவருக்குச் சற்று மேலாக ஒரு திறப்பு விடுங்கள். நிலத்தோடு விட்டால் பாம்பு வரும்.

அடுத்தது மறைப்பு. தகரத்துக்கு ஒரு சாண் கீழே கிடுகைத் தட்டியாகக் கட்டுங்கள். கழுவிப் பிரித்துத் தைத்த உரப்பையும் உதவும். அந்த ஒரு சாண் வெளிதான் முக்கியம். தகரத்தோடு ஒட்டிக் கட்டினால் சூடு அப்படியே இறங்கும். அந்த வெளி முகட்டு வாய்வரை திறந்திருக்கட்டும். சிலர் தகரத்தின் மேலேயே கிடுகு போடுகிறார்கள். வெயில் தகரத்தில் படாததால் கோடைக்கு இது மிக நல்லது. காற்றுக்குப் பறக்காமல் கயிற்றால் இறுக்குங்கள். மாரிக்கு முன் இறக்காவிட்டால் ஈரக் கிடுகின் கீழ் தகரம் கறள் பிடிக்கும். எந்தத் தட்டியின் கீழும் குப்பி விளக்கைத் தொங்கவிட வேண்டாம். அடுப்பு வெளியே தனிக் குசினியில் இருக்கட்டும்.

களவுக்குப் பயந்து மோட்டார் சைக்கிளையும் தண்ணீர்ப் பம்பையும் படுக்கும் இடத்திலேயே வைப்பவர்கள் உண்டு. இவ்வளவு இழந்தபின் அந்தப் பயம் நியாயமானதே. ஆனாலும் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கி, நடுவே மண்சுவர் வைத்து, வாகனத்தைக் கப்போடு சங்கிலியால் பூட்டுவது நல்லது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு படர்ந்து விளக்கைத் தேடிப்போகும். எனவே சாய்ப்புக்கு மட்டும், மேல்வழியுடன், நிலத்தோடும் திறப்பு வேண்டும். அதற்குக் கம்பிவலை அடியுங்கள். மூடிய சாய்ப்புக்குள் இயந்திரத்தை இயக்க வேண்டாம். அதன் புகையில் மணமே இல்லாத நஞ்சு உண்டு.

உடைந்த வீடுகளில் கிடக்கும் அஸ்பெஸ்டஸ் சீற்றை மறைப்புக்காக அரிய வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

தடி, ஓலை, புற்றுமண் எடுக்கப் போகுமுன், அந்த இடம் கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று கேட்டறியுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் ஒரு காலும் வைக்க வேண்டாம். பழைய பங்கர் மண் சுவருக்கு வாய்ப்பாகத் தெரியும். அதைக் கிண்ட வேண்டாம். அறியாத பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பிவந்து கிராம அலுவலரிடம் அறிவியுங்கள்.