நெருக்கடியில் முதலில் இறப்பது யார்?

உயர்தர உயிரியலில் குடித்தொகை வளர்ச்சிக்கு ஒரு வளைகோடு வரைகின்றோம். அடர்த்தி கூடினால் உணவு போதாது, இறப்பு கூடும், தாங்கும் கொள்ளளவை அடைந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். இந்த வளைகோடு எல்லா உயிர்களையும் ஒன்றுபோல எண்ணுகின்றது. ஆனால் நெருக்கடியின் சுமை எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை.

இதற்கான சான்று நம் நாட்டிலேயே உண்டு. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு செல்லும் புகையிரதப் பாதையிலுள்ள பொலன்னறுவையில், 1968 முதல் வோல்ப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் செங்குரங்குகளை ஆராய்ந்தார். சிங்களத்தில் ‘ரிலவா’ எனப்படும் இவ்வினம் இலங்கைக்கே உரியது. குரங்குகளைத் தனித்தனியே அடையாளங்கண்டு பிறப்பு, இறப்புகளைப் பதிந்தார். பெண்களில் சுமார் 85 சதவீதமும் ஆண்களில் சுமார் 90 சதவீதமும் முழு வளர்ச்சி அடையுமுன்பே இறக்கின்றன என்பது 1977இல் வெளியான அவரது முடிவு.

இரு எண்களும் நெருங்கியிருந்தாலும் இறக்கும் வயது வேறு. வளர்ந்தவை இளையவற்றை விரட்டி நல்ல உணவைப் பிடித்துக்கொள்கின்றன. இளையவற்றுள்ளும் ஆண்கள் பெண்களை விரட்டுகின்றன. எனவே பெண் குட்டிகளே சிறுவயதில் அதிகம் இறக்கின்றன. ஆண்கள் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறும் கட்டிளம் பருவத்தில் அதிகம் இறக்கின்றன.

இதைக் கணக்கில் காட்ட, ஒவ்வொரு பருவத்திலும் தப்பும் வீதங்களைப் பெருக்க வேண்டும். விளக்கத்துக்காக ஓர் உதாரணம்: 100 பெண் குட்டிகளில் 25 சதவீதம் சிறுபருவத்தையும், அவற்றில் 60 சதவீதம் கட்டிளம் பருவத்தையும் கடந்தால் எஞ்சுவது 15. ஆண்களுக்கு அவ்வீதங்கள் 40, 25 எனக் கொண்டால் எஞ்சுவது 10. இனி அடர்த்தியைச் சேர்ப்போம். தப்பும் வீதம் = அ − ஆ × அடர்த்தி. இங்கு ‘அ’ என்பது நெருக்கடி இல்லாதபோதுள்ள வீதம். ‘ஆ’ என்பது நெருக்கடி அதைக் குறைக்கும் அளவு. பெண் குட்டிகளுக்கு ‘ஆ’ பெரியது, வளர்ந்தவற்றுக்குச் சிறியது.

2025 மார்ச் 15ஆம் திகதி, பயிர்களைச் சேதப்படுத்தும் விலங்குகள் நாடெங்கும் ஐந்து நிமிடம் எண்ணப்பட்டன. தென்னையும் தோட்டமும் இழக்கும் விவசாயியின் துயர் உண்மையானது. ஆயினும் 100 குரங்குகளைப் பிடித்தால் 100 குறைந்துவிடும் என்பது வெறும் கழித்தல். இடம் விரிந்தால், முன்பு பட்டினியால் இறந்திருக்கக்கூடிய பெண் குட்டிகள் பிழைத்துத் தாயாகும். அகற்றிய வெற்றிடம் சில ஆண்டுகளில் நிரம்பலாம்.

ஆகவே எத்தனை என்று எண்ணுவது போதாது. எந்த வயது, எந்தப் பால் என்றும் எண்ணினால்தான் எடுக்கும் முடிவு பயிரையும் காக்கும், உயிரையும் காக்கும்.