அரசியாரின் காசு

காசு கைக்கு வந்தால் அதன் மதிப்பை மட்டுமே பார்க்கிறோம். ஆனால் காசு தன் நாட்டைப் பற்றிப் பேசவும் செய்யும். பசிபிக் பெருங்கடலில் ஏறத்தாழ 170 தீவுகளைக் கொண்ட டோங்கா என்னும் சிறிய நாட்டின் காசுகளைப் பற்றிப் படித்தபோது இதை உணர்ந்தோம்.

டோங்கா 1900 முதல் 1970 வரை பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தது. எனினும் அதன் அரச மரபு அழியவில்லை. 1918-இல் தம் 18-ஆம் வயதில் அரியணை ஏறிய சலோட்டே அரசியார் 47 ஆண்டுகள் ஆண்டார். 1953-இல் லண்டனில் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு ஊர்வலத்தில், கொட்டும் மழையிலும் வண்டியின் கூரையை மூடாமல் மக்களுக்குக் கையசைத்துச் சென்றவர் இவரே.

அன்று டோங்கா தன் பெயரில் நோட்டு அச்சிட்டது. சில்லறையோ பிற நாட்டுக் காசுதான். 1962-இல் அரசியாரின் உருவத்துடன் ‘கௌலா’ என்னும் பொற்காசுகள் வெளிவந்தன. கௌலா என்றால் பொன். ஆனால் அவை கடைத்தெருவில் புழங்குவதற்கு உரியவை அல்ல.

12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற பழைய கணக்கு 1967 ஏப்ரல் 3-ஆம் நாள் மாறியது. 100 செனிட்டி ஒரு பாஆங்கா ஆயிற்று. இரண்டு பாஆங்கா ஒரு பவுண்டுக்குச் சமம்.

‘டாலர்’ என்று ஏன் பெயரிடவில்லை? அச்சொல் டோங்கா மொழியில் ‘தோலா’ என்றாகும். அதற்குப் பன்றியின் மூக்கு என்று ஒரு பொருள் உண்டாம்! பாஆங்கா என்பதோ அவர்களது மண்ணில் வளரும் ஒரு கொடி. அதன் பெரிய, வட்டமான விதைகளைக் கோத்து நடனத்தின்போது காலில் அணிவர்; ‘லாஃபோ’ என்னும் பழைய விளையாட்டில், நாம் பாண்டி ஆடும்போது சில்லு எறிவதுபோல் எறிவர். விளையாட்டுச் சில்லின் பெயரே நாட்டுப் பணத்தின் பெயராயிற்று.

அவ்வாண்டின் ஒரு செனிட்டி, இரண்டு செனிட்டிக் காசுகளில் ஒரு புறம் ஆமை. மறுபுறம் சலோட்டே அரசியார். ஆனால் அவர் 1965 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். தம் முகம் பொறித்த சில்லறை மக்கள் கையில் புழங்கியதை அவர் காணவில்லை. 1968-இன் காசுகளில் அவர் மகன் நான்காம் தூப்போ மன்னரின் முகம் இடம்பெற்றது.

சிறிய நாடுதான், சிறிய காசுதான். ஆயினும் இரவல் பெயரை நாடாமல் தன் கொடியின் பெயரையும், தன் அரசியின் முகத்தையும் அந்நாடு அதில் பொறித்தது. தோழியரே, சொந்த மொழியில் பெயர் சூட்டுவதும் ஒரு செல்வமே என்பதை அச்சிறு காசு நமக்குக் கற்பிக்கிறது.

— பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு