சாலை விபத்தும் தறிக்குழியும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் நெசவாளி, குழியில் காலை இறக்கி மிதியை மிதித்தாலன்றிப் பாவு திறவாது. கோர்வைச் சேலையாயின், ஓரக் கரையின் நாடாவைச் செலுத்த இன்னோர் ஆளும் அருகே வேண்டும். ஆகவே சாலையில் ஒருவருடைய கால் முறிந்தால் இருவருடைய கூலி நின்றுவிடுகிறது. பாவு தறியிலேயே கிடக்கும், கடனோ வளரும். நடவுக் காலத்தில் அடிபடும் உழவர் வீட்டு நிலையும் இதுவே.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நேர்ந்து, 17,884 பேர் மாண்டனர். முடங்கிய தறியும் தரிசாய்க் கிடந்த வயலும் இக்கணக்கில் சேரா.

ஊர்ப்பாதை நெடுஞ்சாலையைச் சேரும் இடத்தில் பார்வையை மறைக்கும் முட்புதரை வெட்டி விளக்கிடுவது பஞ்சாயத்தார்க்கு அரிய செயலன்று. தார்ச்சாலையில் நெல் உலர்த்தும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். களம் அமைத்துத் தராமல் தடுத்தால் மட்டும் அது நில்லாது என்பது நம் கருத்து.

வழக்குக்கு அஞ்சி, அடிபட்டவரைத் தொடாமல் விலகுவோர் பலர். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுவோரைக் காக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்னும் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. இவ்விரண்டையும் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை தூய துணியால் காயத்தை அழுத்திப் பிடிக்க இளைஞர் சிலரையேனும் பழக்குங்கள்.