தொழிலாளர் வக்கீல் தொழிற்பேட்டை கட்டுவாரா?

கேள்வி: கிண்டி தொழிற்பேட்டையைக் கொண்டுவந்த அமைச்சர் ஆர்.வெங்கட்ராமன் அடிப்படையில் தொழிலாளர் வக்கீல் என்கிறார், எங்கள் கம்பெனி பஸ்ஸில் வரும் மூத்தவர் ஒருவர். சங்கத்துக்காக வாதாடியவர் எப்படி முதலாளிகளுக்கு ஷெட் கட்டிக்கொடுத்தார்? இடையில் ஆள் மாறிவிட்டாரா?
- ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: மூத்தவர் சொன்னது சரிதான். பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் 1910இல் பிறந்த வெங்கட்ராமன், 1935இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்தார். 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இரண்டு ஆண்டு சிறை. 1946இல், ஜப்பானியரோடு ஒத்துழைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்கு வாதாட மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற வக்கீல் குழுவில் அவரும் இருந்தார். தோட்டம், துறைமுகம், ரயில்வே என்று பல துறைத் தொழிலாளர்களின் சங்கங்களில் வேலை செய்தார்.

அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1949இல் ‘லேபர் லா ஜர்னல்’ என்ற இதழைத் தொடங்கினார். தொழிலாளர் வழக்குகளின் தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் இதழ். உங்கள் கம்பெனி எச்.ஆர். தரப்பு வக்கீலும் சங்கத்தின் வக்கீலும் லேபர் கோர்ட்டில் ‘எல்.எல்.ஜே.’ என்று மேற்கோள் காட்டுவது அதைத்தான். கட்சிக்காரர் யாரானாலும் சட்டம் ஒன்றுதான் என்ற புத்தி அவருக்கு அப்போதே இருந்தது.

1957இல் மக்களவைக்கு ஜெயித்தவரை அந்த இடத்தை விட்டுவிட்டு வரச்சொல்லித் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார் காமராஜர். தொழில், மின்சாரம், போக்குவரத்து, அவற்றோடு தொழிலாளர் துறையும்! இன்று தொழிலையும் தொழிலாளரையும் ஒரே அமைச்சரிடம் கொடுத்தால் சங்கங்கள் சும்மா இருக்குமா? சந்தேகம்தான். 1967 வரை இரண்டையும் சுமந்தார். தொழிற்பேட்டை என்பது மத்திய அரசு நாடு முழுவதும் கொண்டுவந்த திட்டம். அதை இங்கே விரட்டி வேலை வாங்கியதுதான் இவர் பங்கு. கிண்டிக்குப் பிறகு அம்பத்தூர். நிலம், ரோடு, தண்ணீர், கரன்ட் எல்லாவற்றையும் அரசே தயாராக வைத்தால், கையில் கொஞ்சம் முதலும் தொழில் தெரிந்த ஆட்களும் உள்ளவர் நேராக மெஷினை இறக்கலாம். அப்படி வேலை கிடைத்தவர்களும் தொழிலாளர்கள்தானே.

ஆகவே பக்கம் மாறினார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அமைச்சரான பின் அவர் சங்கத்தின் வக்கீலும் அல்ல. இரு தரப்பையும் ஒரே மேஜைக்கு அழைத்த அரசாங்கம். அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அவரைத் தொழிலாளர் தலைவர் என்று மட்டும் புகழ்வது மிகை.

ஒரகடம் அவர் கணக்கில் சேராது. அங்குள்ள தொழிற்பேட்டையை அமைத்த அரசு நிறுவனமான சிப்காட் தொடங்கப்பட்டதே 1971இல், அவர் மாநில அமைச்சர் பதவியை விட்டு நான்கு ஆண்டுகள் கழித்து. இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தபோது அவர் குடியரசுத் தலைவர் பதவிக்காலத்தையும் முடித்து ஓய்வில் இருந்தார்.