துளைத் தகட்டிலிருந்து தொடங்கு

அன்புள்ள மருமகளே,

பாய்லர் ஹெடரின் ஸ்டெப் கோப்பை இம்போர்ட் செய்ததும் மெஷ் நின்றுவிட்டது, இரவெல்லாம் எலிமென்ட் அளவை மாற்றியும் பலனில்லை என்று எழுதியிருந்தாய். வடிவத்தைச் சரிபார்க்காமல் அளவை மாற்றி என்ன பயன்?

திருச்சி பெல் ஆலைக்காக நம் மாத்தூர்ப் பட்டறைகளில் தகடு சேர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. இரண்டு தகட்டுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தால் வெல்டர் நிரப்பிவிடுவார். மெஷ் மென்பொருளுக்கு அந்தத் தாராளம் கிடையாது. கேட் மென்பொருள் ஒட்டிவிட்டதாக எண்ணிய இரு பரப்புகள், மெஷ் மென்பொருளின் இறுக்கமான கணக்கில் பிரிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. திறந்த விளிம்புகளைக் காட்டச் சொல். மூடிய திடப்பொருளில் ஒவ்வொரு விளிம்பும் இரண்டு பரப்புக்குச் சொந்தம். ஒன்றுக்கு மட்டும் சொந்தமானால் அங்கே ஓட்டை. தைத்து மூடு. மில்லிமீட்டர் மீட்டராகிவிட்டதா என்று ஒரு விட்டத்தை அளந்தும் பார்.

அடுத்து, எதை நீக்குவது. பொறித்த எழுத்துகள், அழுத்தம் விழாத ஓரத்துப் போல்ட் துளைகள் போகட்டும். நாசில் ஹெடரைச் சந்திக்கும் இடத்து வளைவை மட்டும் தொடாதே. நான் ஒருமுறை எடுத்தேன். மெஷ் அழகாக வந்தது. ஆனால் அதைப் பொடியாக்கப் பொடியாக்கத் தகைவு ஏறிக்கொண்டே போனது. மீள்மைக் கணக்கில், உள்மடிந்த கூர்மூலையில் தகைவுக்கு எல்லையே இல்லை. இரண்டு நாள் உழைத்து எலிமென்ட் அளவைத்தான் படித்திருக்கிறேன், இரும்பைப் படிக்கவில்லை.

நாசிலைச் சுற்றி எப்படி வெட்டுவது என்று கேட்டிருந்தாய். நார்த்தாமலை விஜயாலய சோழீஸ்வரத்தில் சதுரச் சுவருக்குள் வட்டக் கருவறை இருக்கிறதே, நினைத்துப் பார். நடுவிலுள்ள சுற்றுப்பாதையை மூலைக்கு மூலை நான்காக வெட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பக்கம். நாற்கர எலிமென்ட்டுகள் ஒழுங்காக அமையும். நாசிலுக்கும் அதேதான்.

ஹெடரைத் தொடுமுன் ஒரு தகட்டில் பழகு. இழுக்கப்படும் அகன்ற தகட்டில் சிறு வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று 1898இல் கிர்ஷ் கணக்கிட்டார். ஜிமெஷ்ஷும் கால்குலிக்ஸும் இலவசம்தான். தகட்டின் அகலம் துளையைப்போல் பத்து மடங்கு இருக்கட்டும். செய்துவிட்டு, மூன்று வந்ததா என்று எனக்கு எழுது.

உன் மாமா