ஸ்லோ ஸ்குருவின் மேல் பழி போடாதீர்கள்

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்து ஜனங்கள் இன்றைக்கும் பயப்படுவார்கள். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் சித்தூர் கார் ஷெட்டுகளுக்கு மட்டும் அந்தப் பயம் எட்டவில்லை.

அப்பா விட்டுப்போன அம்பாசிடர் மார்க் 2 ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அடங்கி நிற்க வேண்டிய என்ஜின், நின்ற இடத்திலேயே கத்தும். டாஷ்போர்டில் சுற்று காட்டும் மீட்டர் கிடையாது. வெளியிலிருந்து ஒன்றை மாட்டிப் பார்த்தால் 600, 700-ல் ஓட வேண்டியது 1,500-ல் ஓடியது. மூன்று ஷெட்டுகளுக்குப் போனேன். காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். செய்தது மட்டும் ஒரே காரியம்: ஸ்குரு டிரைவரை எடுத்து, ஸ்லோவை, அதாவது காலை எடுத்த பிறகு என்ஜின் சுற்றும் வேகத்தை, வைக்கும் கார்பரேட்டரின் ஸ்லோ ஸ்குருவைத் திருகினார்கள்.

நம்பிக்கை: ஸ்குருவைத் தளர்த்தினால் ஸ்லோ இறங்கிவிடும்.

அந்த ஸ்குருவின் வேலை என்ன என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். கார்பரேட்டருக்குள் காற்றை மறிக்கும் தட்டு ஒன்று இருக்கிறது. காலை எடுத்ததும் அது மூடிக்கொள்ள வேண்டும். முழுக்க மூடினால் வண்டி நின்றுவிடும் என்பதால், மயிரிழை திறந்திருக்கும்படி அதைத் தாங்கிப் பிடிப்பதுதான் ஸ்குரு. தட்டின் லீவர் ஸ்குருவின் மேல் வந்து உட்கார்ந்தால்தான் ஸ்குருவுக்கு அதிகாரம். கேபிள் இறுகியிருந்தாலோ, இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, சோக் முழுக்க உள்ளே போகாமல் நின்றிருந்தாலோ லீவர் அந்தரத்தில் நிற்கும். அப்போது ஸ்குருவை எத்தனை சுற்று கழற்றினாலும் பயனில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, பானெட்டைத் திறந்து, லீவர் ஸ்குருவைத் தொடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். இதற்குக் காசு கிடையாது. என் மூன்று மேஸ்திரிகளில் ஒருவரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

லீவர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, ஸ்குருவையும் முழுக்கத் தளர்த்தியாயிற்று, இன்னும் கத்துகிறதா? அப்படியானால் காற்று வேறு வழியில் உள்ளே போகிறது. மேனிபோல்டு கேஸ்கெட், வெடித்த வாக்குவம் ஹோஸ், காற்றுத் தட்டு சுழலும் ஸ்பிண்டிலின் தேய்மானம் ஆகிய மூன்றும்தான் வழக்கமான திருட்டு வாசல்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கட்டிங் பிளேயரால் மெல்ல நெரித்துப் பாருங்கள். எதை நெரிக்கும்போது சத்தம் மாறுகிறதோ அதுதான் ஆள். நாற்பது டிகிரியைத் தாண்டும் திருப்பதி வெயிலில் பானெட்டுக்குள் கிடக்கும் ரப்பர் நெடுநாள் உழைக்காது.

நம்பிக்கை: டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஸ்லோவை ஏற்றினால்தான் பேட்டரி சார்ஜ் ஆகும்.

இதைச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. பாதி உண்மை சொன்னார், அதுதான் வம்பு. பழைய அம்பாசிடர்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். டைனமோ மெதுவாகச் சுற்றும்போது பேட்டரியை மிஞ்சும் அளவுக்கு மின்சாரம் தராது. என்ஜின் ஏறக்குறைய 1,000 சுற்றைத் தொட்ட பிறகே சார்ஜ் ஏறத் தொடங்கும். அதற்குக் கீழே விளக்கு மினுக்குவது பழுதல்ல, அந்த வண்டியின் சுபாவம். ரோட்டில் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஓடும்போதும் எரிந்தால் பெல்ட், பிரஷ், கட்டவுட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த மினுக்கலைச் சகிக்க முடியாத டிரைவர்கள் தலைமுறை தலைமுறையாக ஸ்லோவை ஏற்றி வைத்திருக்கிறார்கள். என் காரிலும் யாரோ அப்படிச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆல்டர்னேட்டர் மாற்றிய கார்களுக்கு இந்தச் சாக்கும் கிடையாது.

நம்பிக்கை: மலை ஏற ஸ்லோ அதிகம் வேண்டும்.

அப்பா காலத்தில் திருமலைக்குப் புறப்படும் முன் ஸ்லோவைக் கால் சுற்று ஏற்றுவது ஒரு சடங்கு. ஏறும்போது உங்கள் கால் ஆக்சிலேட்டரில்தான் இருக்கும், ஸ்லோவுக்கு அங்கே வேலையில்லை. மேலே போகப் போகக் காற்று மெலிந்து ஸ்லோ கொஞ்சம் இறங்கும் என்பது வாஸ்தவம். திருமலையின் 850 மீட்டருக்கு அது பெரிய விஷயமல்ல.

ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. மலைக்கு முதல் கார்ப் பாதை 1944-ல் வந்தது, இரண்டாவது 1974-ல். இன்று ஏறுவது புதியதில், இறங்குவது பழையதில். ஊசி வளைவுகள் நிறைந்த அந்தப் பழைய பாதையில் செகண்ட் கியரைப் போட்டுக் காலை எடுத்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். 1,500-ல் ஓடும் என்ஜின் பிடிக்காது, பின்னாலிருந்து தள்ளும். மார்க் 2-வுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். அது சூடேறினால் பிடிப்பு போய்விடும்.

நம்பிக்கை: எஸ்யூ கார்பரேட்டரின் மேல் மூடியில் ஆயில் குறைந்தால் ஸ்லோ ஏறும்.

ஏறாது. அந்த ஆயில், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளாமல் பார்த்துக்கொள்வதற்கு. குறைந்தால் பிக்கப் தடுமாறும்.

நம்பிக்கை: டைமிங்கை முன்னே தள்ளினால் பிக்கப் வரும், ஸ்லோவை அப்புறம் குறைத்துக்கொள்ளலாம்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை முன்னே கொண்டுபோனால் ஸ்லோ தானாக ஏறும். உடனே ஸ்குருவைத் தளர்த்திச் சமன் செய்கிறார்கள். நோய் அப்படியே இருக்க, காய்ச்சல் மட்டும் இறங்குகிறது. ஏற்றத்தில் என்ஜின் 'டிக் டிக்' என்று தட்டும்போதுதான் உண்மை வெளியே வரும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் அறுந்து, டைமிங் பின்வாங்காமல் நிற்பதும் உண்டு. டைமிங் லைட் வைத்திருக்கும் மேஸ்திரியைத் தேடிப் போங்கள். காதால் டைமிங் பார்க்கிறேன் என்பவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நம்பிக்கை: எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால் வந்தது.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரையும் டயபிரத்தையும் அரிக்கும். கலவையும் சற்று மெலியும். அதனால் என்ஜின் தடுமாறலாம். ஸ்லோ இரட்டிப்பாவதற்கு அது மட்டும் காரணமாகாது. ரப்பரை மாற்றிவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காற்று கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஓடும் என்ஜின் மேல் பெட்ரோலை ஊற்றிப் பார்க்கும் பழக்கம் நம் ஷெட்டுகளில் இருக்கிறது. சூடான சைலன்சர் பைப்பும் பொறி பறக்கும் பாயிண்ட்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. துணி தேய்ப்பதற்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் போதும். என்ஜினைக் குளிர்ச்சியில் ஸ்டார்ட் செய்து, டிஸ்ட்ரிபியூட்டரில் படாமல், மேனிபோல்டு சேரும் இடத்திலும் ஸ்பிண்டிலின் இரு முனையிலும் தெளியுங்கள். சத்தம் ஒரு நொடி மாறினால் கசிவு அங்கேதான்.

என் காரில் அது ஸ்பிண்டிலில் மாறியது. கேஸ்கெட் செட் சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைத்தது, ஸ்பிண்டிலுக்குப் புஷ் போடும் வேலையை உள்ளூர் லேத்திலேயே முடித்தார்கள். என்ஜினை நன்றாகச் சூடாக்கிய பிறகு, கடைசியாக, நானே ஸ்குருவைத் தொட்டேன். இப்போது 650-ல் ஓடுகிறது. சிக்னலில் நின்றால் சிவப்பு விளக்கு மினுக்குகிறது.